அலைகளின் ஹிகாயத்

அரபி மொழியில் மின்சாரத்திற்குக் 'கஹ்ரபா' என்று பெயர். இச்சொல் அரபியருக்குப் பாரசீகத்திலிருந்து வந்தது. 'காஹ்' என்றால் வைக்கோல். 'ருபா' என்றால் பறித்துக்கொள்வது. மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்து கல்லாய் இறுகிப்போன மஞ்சள் நிற மரப்பிசினைத் துணியில் தேய்த்தால், அது வைக்கோல் துரும்பைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். அந்தச் சிறு வியப்பே பெயராக நிலைத்துவிட்டது. ஐரோப்பியர் மின்சாரத்திற்கு இட்ட பெயரும் அதே பொருளின் கிரேக்கப் பெயரிலிருந்து பிறந்ததுதான். தமிழரோ வானத்தில் தோன்றி மறையும் ஒளிக்கீற்றை நோக்கி 'மின்' என்றனர். துரும்பை இழுத்ததும் வானைக் கீறியதும் ஒரே ஆற்றல்தான் என்பது பின்னர் வந்தோர் கண்ட உண்மை.

இன்றைய அரபி நூல்களில் வேறொரு சொல்லும் நம் கண்ணில் படுகிறது: 'முஹாகாத்'. இயற்கையில் நடப்பதொன்றைக் கணிப்பொறிக்குள் எண்களால் நடத்திக் காட்டுவதற்கு இப்பெயர். இதன் வேர்ச்சொல்லாகிய 'ஹகா' என்பதற்கு இரு பொருள் உண்டு. ஒன்று, எடுத்துரைத்தான், மற்றொன்று, ஒத்திருந்தான். நம் பாட்டிமார் இரவில் சொன்ன ஹிகாயத்தும் இதே வேரில் கிளைத்ததே. ஆகவே முஹாகாத் என்பது எண்கள் சொல்லும் கதை என்று கொண்டால் பிழையில்லை. கதை அழகாய் இருப்பது வேறு. நடந்ததை ஒத்திருப்பது வேறு. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரத்தை எண்ணிப் பார்க்கும் தேவை சில ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் எழுந்தது.

நாம் ஓதிக்கொடுக்கும் மத்ரஸாவை ஒட்டிய கட்டடத்தின் மாடியில் கைப்பேசிக் கோபுரம் ஒன்றை நிறுவ ஒரு நிறுவனத்தார் முன்வந்தனர். ஊர் இரண்டுபட்டது. பிள்ளைகள் நாள் முழுதும் உட்கார்ந்து ஓதும் இடத்திற்கருகே இப்படியொரு கதிர்வீச்சா என்று பெற்றோர் பலர் கொதித்தனர். மறுபுறம், நம் தெருவிலுள்ள பழைய வீடுகளின் உள்ளறைகளில் கைப்பேசி பேசுவதே இல்லை. ஒன்றரை முழ அகலக் காரைச் சுவர்கள் அவை. மழை நாளின் நள்ளிரவில் பிரசவ வேதனையால் துடித்த பெண்ணொருத்திக்கு 108 ஊர்தியை அழைக்க, அவளுடைய தம்பி கைப்பேசியை ஏந்திக்கொண்டு கடைத்தெரு முனைவரை ஓட வேண்டியதாயிற்று. தாயும் சேயும் பிழைத்தது இறைவன் அருள். ஆனால் அந்த இரவை மறவாதவர்கள் கோபுரம் வேண்டுமென்றே நின்றனர்.

"ஹஜ்ரத், நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள்" என்று ஜமாஅத்துப் பெரியவர்கள் நம்மிடம் வந்தனர். நிறுவனத்தார் ஒரு வண்ணப்படம் கொண்டுவந்திருந்தனர். எதிர்ப்பாளரும் ஒரு வண்ணப்படம் வைத்திருந்தனர். இரண்டும் கணிப்பொறி தீட்டியவை. ஒன்றில் மத்ரஸாவின்மீது பசுமை படர்ந்திருந்தது. மற்றதில் சிவப்புக் கொழுந்துவிட்டு எரிந்தது. ஒரே அலையைப் பற்றி இரண்டு ஹிகாயத்! எதை நம்புவது? நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறார். அவரைத் துணைக்கொண்டு சில மாதம் நாம் இத்துறையைப் பயின்றோம். பயின்றதை வாசகர்முன் வைப்பது பயனுடைத்தென எண்ணுகிறோம்.

மாறுகின்ற காந்தப் புலம் தன்னைச் சுற்றி மின்புலத்தைத் தோற்றுவிக்கும் என்பதை 1831ஆம் ஆண்டில் ஃபாரடே சோதனையால் காட்டினார். மாறுகின்ற மின்புலமும் அவ்வாறே காந்தப் புலத்தைத் தோற்றுவிக்கும் என்று சேர்த்துச் சொன்னவர் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் மாக்ஸ்வெல். ஒன்று மற்றொன்றைப் பிறப்பிக்க, அது இதைப் பிறப்பிக்க, இரண்டும் கைகோத்து வெளியில் அலையாய்ப் பரவும். ஒளியும் அத்தகைய அலையே என்று 1865இல் வெளியான தம் ஆய்வில் அவர் நிறுவினார். 1879இல் தமது நாற்பத்தெட்டாம் வயதில் அவர் மறைந்தார். அவ்வலையைக் கருவியால் எழுப்பி ஹெர்ட்ஸ் உலகுக்குக் காட்டியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே.

மாக்ஸ்வெல்லின் விதிகள் இன்று நான்கே வரிகளில் அடங்கும். ஆனால் வரிகள் சுருக்கமாயிருப்பதால் விடை எளிதென்று கருதலாகாது. வெட்டவெளியிலோ, வழுவழுப்பான ஓர் உருண்டையைச் சுற்றியோ அலை எப்படிப் போகும் என்பதைத் தாளில் எழுதிக் கணக்கிடலாம். சன்னலும் தூணும் தகரமும் மரமும் மனிதரும் நிறைந்த ஒரு தெருவில் அது எப்படிப் போகும் என்பதற்கு எந்தத் தாளும் போதாது. அங்கேதான் கணிப்பொறியின் உதவி தேவைப்பட்டது.

1966ஆம் ஆண்டில் கேன் யீ என்னும் அறிஞர் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையில் ஓர் எளிய வழியைக் காட்டினார். வெளியைச் சின்னஞ்சிறு கனசதுர அறைகளாகப் பிரித்துவிடு. அறையின் விளிம்புகளில் மின்புலத்தை வை. அறையின் முகங்களில் காந்தப் புலத்தை வை. பத்தமடையில் பாய் நெய்வோர் பாவு நூலின் ஊடே கோரையைக் கோப்பதைப் பார்த்தவர்க்கு இது உடனே விளங்கும். ஒவ்வொரு காந்தப் புலத்தையும் நான்கு மின்புலங்கள் சுற்றி நிற்கின்றன. ஒவ்வொரு மின்புலத்தையும் நான்கு காந்தப் புலங்கள் சுற்றி நிற்கின்றன. முதலில் மின்புலத்தைக் கணக்கிடு, அரை நொடிப்பு கழித்துக் காந்தப் புலத்தைக் கணக்கிடு, மறுபடி மின்புலம். இவ்வாறு மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டே போனால் அலை தானே நகர்ந்து செல்வதைக் காணலாம். எந்த அறையில் சுவர் இருக்கிறதோ அந்த அறைக்குச் சுவரின் தன்மையை எழுதிவிட்டால் போதும். எங்கே திரும்புவது, எங்கே மங்குவது என்பதை அலையே கண்டுகொள்ளும்.

அக்காலத்துக் கணிப்பொறிகளின் நினைவகம் சிறிது. ஆதலால் சில ஆண்டுகள் இவ்வழி பெரிதும் கவனிக்கப்படாமலே கிடந்தது. 1975இல் டாஃப்லவ் என்பவரும் அவர்தம் துணைவரும் நுண்ணலை பட்ட மனிதக் கண்ணுக்குள் எவ்வளவு வெப்பம் ஏறும் என்பதை இம்முறையால் கணக்கிட்டனர். இந்தச் செய்தி நம் மனத்தைத் தொட்டது. உயிருள்ள கண்ணை அலையின் முன் வைத்துச் சோதித்தல் தகுமோ? மின்னல் தாக்கினால் விமானம் என்னவாகும் என்பதை மக்களை ஏற்றிச் சோதிக்க இயலுமோ? செய்து பார்க்கக்கூடாத இடத்தில் கணக்கிட்டுப் பார்ப்பதே அறமாகிறது. முஹாகாத்தின் பெருமை இது.

அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். அறைகள் அலைநீளத்தில் பத்திலொரு பங்குக்கு மேற்படலாகாது. 900 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசி அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். ஆக, ஒரு கன மீட்டருக்குள் ஏறத்தாழ 27,000 அறைகள் வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் 100 மீட்டர் உயரமும் கொண்ட நகர்ப்பகுதியை இவ்வாறு பிரித்தால் 2,70,000 கோடி அறைகள் ஆகும். ஒவ்வோர் அறைக்கும் ஆறு எண்கள். அதிர்வெண் இருமடங்கானால் அறைகள் எட்டு மடங்காகும். கால அடிகளும் இரட்டிக்க, வேலை பதினாறு மடங்காகும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. கணக்குக்கு எங்கேனும் ஓர் எல்லை வேண்டும். உண்மை உலகத்திற்கோ அவ்வெல்லை இல்லை. கணக்கின் எல்லையில் மோதும் அலை, இல்லாத சுவரில் பட்டதுபோல் திரும்பிவந்து கதையையே கெடுத்துவிடும். எந்தக் கோணத்தில் வந்தாலும் அலையை விழுங்கிவிடும் ஒரு கற்பனைப் படலத்தை 1994இல் பெராஞ்சே என்னும் பிரெஞ்சு அறிஞர் வகுத்தளித்த பின்னரே இக்குறை பெருமளவு நீங்கிற்று. இல்லாததன் எதிரொலி உள்ளதைக் குழப்பாதிருக்க எவ்வளவு உழைப்பு!

பரந்த நகரத்திற்கு அறைக் கணக்கு கட்டுப்படியாகாதென்பதால் பொறியியலார் கதிர் வழியை நாடுகின்றனர். அலையை நேர்க்கோட்டில் செல்லும் கதிராகக் கொண்டு, எந்தச் சுவரில் பட்டு எங்கே திரும்பும் என்று தேடுவது இம்முறை. இதைப் படித்தபோது நமக்கு நெடுநாள் அறிமுகமான ஒருவரை அயலூரில் சந்தித்ததுபோல் இருந்தது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைஸம், தமது 'கிதாபுல் மனாளிர்' நூலின் ஐந்தாம் மகாலாவில் இதே கேள்வியை ஆராய்கிறார். பொருள் ஓரிடத்தில், கண் ஓரிடத்தில், நடுவே வளைந்த கண்ணாடி. கண்ணாடியின் எந்தப் புள்ளியில் பட்ட கதிர் கண்ணை வந்தடையும்? பொருளுக்குப் பதில் கோபுரத்தையும், கண்ணுக்குப் பதில் கைப்பேசியையும் வைத்தால் இன்றைய பொறியியலாரின் கேள்வி அதுவே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒளிக்குக் கேட்ட கேள்வியை இன்று கண்காணா அலைக்குக் கேட்கின்றனர்.

ஆனால் கதிர் மட்டும் போதாது. கட்டட மூலையில் அலை வளைந்து நிழலுக்குள்ளும் நுழைகிறது. இதற்குக் கெல்லர் என்பவர் 1962இல் விதி வகுத்தார். மேலும், பல வழிகளில் வந்து சேரும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று வளர்க்கும். அடுத்த இடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். கைப்பேசியை ஒரு சாண் நகர்த்தினால் குரல் தெளிவதும் மங்குவதும் இதனாலேயே. ஒரு கதவு திறந்தால் கணக்கு மாறும். ஓர் ஊர்தி கடந்தால் மாறும். வேப்பிலைகள் மழையில் நனைந்தால் மாறும். எந்தப் படத்தில் இவையெல்லாம் அடங்கும்?

இதனை உணர்ந்த சிலர் அளந்து பார்க்கும் வழியில் சென்றனர். ஜப்பானில் ஒக்குமுராவும் அவர் குழுவினரும் டோக்கியோ நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் அலையின் வலிமையை ஊர்தியில் சென்று அளந்து, 1968இல் வரைபடங்களாக வெளியிட்டனர். அவற்றை 1980இல் ஹாட்டா என்பவர் சூத்திரமாகச் சுருக்கினார். அச்சூத்திரத்தில் நாம் மெச்சுவது அதன் அடக்கத்தை. 150 முதல் 1500 மெகாஹெர்ட்ஸ் வரை. 1 முதல் 20 கிலோமீட்டர் தூரம் வரை. கோபுரத்தின் உயரம் 30 முதல் 200 மீட்டர் வரை. இந்த வரம்புக்குள்ளேயே தன் சொல் செல்லும் என்று அது முன்னதாகவே அறிவித்துவிடுகிறது. கோபுரத்திலிருந்து நூறு அடியில் இருக்கும் மத்ரஸாவைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. அதைக் கொண்டுவந்து இங்கே பேசவைப்பவன், சாட்சி காணாததைச் சாட்சியின் பெயரால் சொல்பவனாவான்.

இப்னுல் ஹைஸமைப் பற்றி வரலாற்றாசிரியர் கூறும் ஒரு செய்தி இங்கே பொருந்தும். தாம் மிஸ்ரில் இருந்தால் நைல் நதியின் பெருக்கையும் வறட்சியையும் ஒழுங்குபடுத்த வழிசெய்வேன் என்று அவர் சொல்லியிருந்தாராம். அது கேட்ட ஃபாத்திமிய்ய ஆட்சியாளர் அல்ஹாகிம் அவரை அழைத்தார். நதியோடு தெற்கே நெடுந்தூரம் சென்று அஸ்வான் அருகே நிலத்தையும் நீரையும் நேரில் கண்டதும், தம் திட்டம் அவ்விடத்திற்கு ஒவ்வாது என்பதை அப்பேரறிஞர் உணர்ந்தார். உணர்ந்ததைச் சொல்லவும் செய்தார். தொலைவிலிருந்து போட்ட கணக்கில் நதி இருந்தது. அந்த நதியின் கரை இல்லை. கண்டபின் கணக்கைக் கைவிடத் துணிந்த அந்த நேர்மையே கணக்கினும் பெரிதென்று நாம் எண்ணுகிறோம்.

அவர் சோதனைக்கு இட்ட பெயர் 'இஃதிபார்'. கடந்து செல்லுதல் என்னும் பொருள்படும் வேரிலிருந்து வந்த சொல் அது. கருத்திலிருந்து பொருளுக்குக் கடப்பதற்கு அது ஒரு பாலம். முஹாகாத் ஒரு கரை, உலகம் மறுகரை. இஃதிபார் இன்றேல் இக்கரையில் நின்றுகொண்டு அக்கரையைப் பற்றிக் கதை பேசலாமே தவிர வேறில்லை.

இவ்வளவும் கற்றபின் இரு படங்களையும் ஜமாஅத்தார் முன்னிலையில் விரித்து வைத்தோம். எதிர்ப்பாளரின் படத்தில் வண்ணம் இருந்தது. எந்த வண்ணம் எவ்வளவு என்ற குறிப்பு இல்லை. அது ஏதோவொரு வெளிநாட்டு நகரத்தின் படம். நிறுவனத்தாரின் படத்தில் குறிப்பு இருந்தது. அவர்கள் அனுப்பிய இளம் பொறியியலாரிடம், "தம்பி, எங்கள் சுவரை எவ்வளவு அகலமாகக் கொண்டீர்கள்? பின்புறத்துத் தகரக் கொட்டகை இதில் எங்கே?" என்று கேட்டோம். அவர் நாணயமானவர். "எல்லாக் கட்டடங்களையும் ஒரே மாதிரிக் கான்கிரீட் சுவராகத்தான் கொண்டோம், ஹஜ்ரத். கொட்டகை படத்தில் சேர்க்கப்படவில்லை" என்றார். அப்படியாயின் கோபுரம் எழுந்ததும் கருவிகொண்டு ஐந்து இடங்களில் அளந்து காட்ட வேண்டும். அளவுகளைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்ட வேண்டும். மிகுதி காணின் திருத்த வேண்டும் என்ற நிபந்தனையின்மேல் ஊர் இணங்கியது.

அளந்த நாளில் கிடைத்த விடை இரு கட்சியாரும் எதிர்பாராதது. மத்ரஸாவின் வகுப்பறையில் படம் சொன்னதைவிடக் குறைவாகவே இருந்தது. காரைச் சுவர் தன் வேலையைச் செய்தது. அன்றியும் கோபுரத்துப் பலகைகள் அலையைப் பக்கவாட்டில் சற்றே தாழ்த்தி வீசுவன. விளக்கின் அடியில் இருள் என்பது இங்கும் பொருந்தும். ஆனால் எதிர்ச்சாரியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் படம் சொன்னதைவிட அதிகம் இருந்தது. பலகையின் நேர்முகமாக அம்மாடி அமைந்திருந்தது. பின்னாலிருந்த தகரக் கொட்டகையும் அலையைத் திருப்பி அனுப்பியது. அங்கே ஒரு மூதாட்டி தம் பேரப்பிள்ளைகள் இருவரோடு வாழ்ந்துவந்தார். மாதக்கணக்கில் நடந்த விவாதத்தில் அவரை எவரும் ஒரு சொல் கேட்டதில்லை. மத்ரஸாவுக்காக ஒரு கட்சி, உள்ளறைக் கைப்பேசிக்காக ஒரு கட்சி. அந்த உம்மாவுக்கோ கட்சி இல்லை. கணிப்பொறியின் படத்தில் தகரம் விடுபட்டது. நம் ஊரின் பேச்சில் அவர் விடுபட்டார்.

அங்கும் அளவு வரம்புக்குள்ளேதான் இருந்தது. 900 மெகாஹெர்ட்ஸுக்குச் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்னும் பன்னாட்டு வரம்பை இந்திய அரசு 2012 செப்டம்பரில் பத்திலொன்றாக்கி 0.45 வாட் என வகுத்தது. அதனினும் குறைவே அங்கிருந்தது. ஆயினும் பலகையின் முகத்தைச் சற்றுத் திருப்பித்தரக் கேட்டோம், திருப்பினர். இரண்டாம் முறை அளந்தபோது அம்மாடியில் அளவு இறங்கியிருந்தது. உள்ளறைகளில் கைப்பேசி இப்போது பேசுகிறது. கோபுரத்தின் அலை எட்டாத இடத்தில் கைப்பேசியே தன் ஆற்றலைக் கூட்டிக்கொண்டு காதருகே வீசும் என்பதை அறிந்தபின் பெற்றோர் சிலர் அமைதியுற்றனர். ஒரு தாயார் மட்டும் தம் பிள்ளையை வேறு மத்ரஸாவில் சேர்த்துவிட்டார். அவரை நாம் குறைகூறவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் இவ்வலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்னும் ஐயப் பட்டியலில் வைத்தது. ஐயம் என்பது உறுதியன்று, இல்லாமையும் அன்று.

உடலுக்குள் அலை என்ன செய்யும் என்பதையும் இன்று கணக்கிடுகின்றனர். 34 வயது ஆடவர், 26 வயதுப் பெண், 11 வயதுச் சிறுமி, 6 வயதுச் சிறுவன் ஆகிய நால்வரின் உடலைக் காந்தக் கருவியால் படமெடுத்து, உறுப்பு உறுப்பாகப் பிரித்து அமைத்த மாதிரிக் குடும்பம் ஒன்று 2010இல் ஆய்வாளர்க்கு அளிக்கப்பட்டது. பெரியவர்க்குச் செய்த கணக்கைச் சுருக்கிச் சிறுவர்க்குப் பொருத்துவது போதாதென்று உணர்ந்து, சிறுவரையே கணக்குக்குள் கொண்டுவந்தனர். இம்முயற்சி போற்றத்தக்கது. ஆயினும் அந்நால்வர் உலகத்தார் அனைவரும் அல்லர். மெலிந்த உடலும் கருவுற்ற உடலும் முதிர்ந்த உடலும் வெவ்வேறு கணக்கைக் கேட்கும்.

மத்ரஸாவில் நாம் மாணவர்க்கு 'யகீன்' என்றும் 'ளன்' என்றும் இரு சொற்களைப் பிரித்துக் கற்பிக்கிறோம். ஒன்று ஐயமற்ற உறுதி. மற்றது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் கருத்து. கணிப்பொறியின் படம் எவ்வளவு கூர்மையாயினும் ளன்னே ஆகும். ளன் இழிவானதன்று, வாழ்வின் பெரும்பகுதி அதன்மேல்தான் நடக்கிறது. அதை யகீன் என்று விற்பதே குற்றம். அது யகீன் அன்று என்பதற்காக எறிந்துவிடுவதும் அறிவீனம்.

ஆகவே வாசகர்க்கு நாம் கூறுவது இதுவே. நாளை உங்கள் ஊருக்கும் ஒரு வண்ணப்படம் வரும். கோபுரத்தைப் பற்றியதாகவே இருக்கவேண்டும் என்பதில்லை; வெள்ளத்தைப் பற்றியோ சாலையைப் பற்றியோ இருக்கலாம். வண்ணத்தைக் கண்டு மயங்கவும் வேண்டா, மிரளவும் வேண்டா. மூன்று கேள்விகள் கேளுங்கள். எதை எடுத்துக்கொண்டு இக்கணக்கைச் செய்தீர்கள்? எதை விட்டுவிட்டீர்கள்? வந்து அளந்து பார்த்தீர்களா? விடுபட்டதைச் சொல்லும் ஹிகாயத்தை நம்பலாம். ஏனெனில் விடுபட்டது சில வேளை ஒரு தகரக் கொட்டகையாயிருக்கும். சில வேளை மேல்மாடியில் இரண்டு பிள்ளைகளோடு வாழும் ஒரு கிழவியாயிருக்கும்.